மகள் வேலை

அந்த முதியோர் இல்லத்தின் மாடியில் மறதிக்காரர்களைப் பார்த்துக்கொண்ட நர்ஸுக்கு மற்றவர்கள் வைத்த பெயர் மிலிட்டரி. மாத்திரையைக் கன்னத்துக்குள் பதுக்கும் கிழவர்களை முறைத்தே விழுங்க வைத்துவிடுவாள். அவள் பாச்சா பலிக்காத ஒரே ஆள் ஜன்னலோரக் கட்டிலில் இருந்த பழைய லாரி டிரைவர். மனுஷன் நாள் முழுக்கக் காற்றிலேயே கியர் மாற்றுவார். சாப்பாட்டுத் தட்டைக் கண்டால் மட்டும் பிரேக் போட்டு வாயை இறுக மூடிக்கொள்வார். இளைத்துத் துரும்பாகிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் அவளைப் பார்த்து, "பாப்பா, எப்ப வந்தே?" என்றார்.

மிலிட்டரி ஒரு நொடிதான் திகைத்தாள். "இப்பதாம்பா. வாயத் தொறங்க."

தட்டு காலி. அன்றிலிருந்து அவள் வேளை தவறாமல் மகள் வேலையும் பார்த்தாள். டிரைவருக்குக் கன்னத்தில் சதை பிடித்தது. மறதிக்காரரோடு மல்லுக்கு நிற்காதே, அவர் இருக்கும் இடத்துக்கு நீ போ என்பதுதானே அந்தத் தொழிலின் பாடம். போன இடத்திலிருந்து திரும்பி வரும் வழியை யாரும் சொல்லித் தரவில்லை.

அப்புறம் வெளியூரிலிருந்து சொந்த மகள் வந்து அவர் கையைப் பிடித்தாள். கிழவர் கையை உருவிக்கொண்டார்.

"யாரும்மா நீ? என் பொண்ணு அதோ நிக்கிறா பாரு."

ஊரையே முறைக்கும் மிலிட்டரி தரையைப் பார்த்தாள்.

வராந்தாவில் மகள் அவளைப் பிடித்துக்கொண்டாள். "எங்கப்பாவ எனக்கே தெரியாம தத்து எடுத்துட்டீங்களா சிஸ்டர்?"

"சாப்பிடவே மாட்டேன்னாரும்மா. வேற வழி தெரியல."

"எனக்கு ஒரு ஃபோன் பண்ணியிருக்கலாமே."

பண்ணியிருக்கலாம்தான். ஆனால் மிலிட்டரியைப் பாசமாக யாராவது கூப்பிட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. அதையா சொல்ல முடியும்?

மத்தியானம் மகளே தட்டை எடுத்துக்கொண்டாள். "நீங்க உள்ள வராதீங்க."

சாப்பாடு ஆறிப்போனது. டிரைவர் உதட்டைப் பிரிக்கவில்லை. பிரித்த ஒரே தடவையும், "பாப்பா எங்க?" என்று கேட்கத்தான்.

கடைசியில் மகள் எழுந்து வந்து கதவைத் திறந்தாள். கண் சிவந்திருந்தது. "உள்ள வர வேணாம் சிஸ்டர். இங்கயே மறைஞ்சு நின்னு கூப்பிடுங்க. ஊட்டுறதாவது நானா இருக்கட்டும்."

மிலிட்டரி கதவுக்குப் பின்னால் சுவரோடு ஒட்டி நின்றாள்.

"அப்பா, வாயத் தொறங்க."

தட்டில் ஸ்பூன் உரசும் சத்தம் கேட்டது. மென்று விழுங்கும் சத்தம் கேட்டது. கூடவே மகள் மூக்கை உறிஞ்சுவதும் கேட்டது.

"இன்னும் ஒரு வாய்," என்று கூப்பிடப் போனாள் மிலிட்டரி. குரல் வரவில்லை. உள்ளே ஸ்பூன் காத்திருந்தது.