முனிரத்தினம் வாத்தியாரின் ஆட்டு மூளை

தளி பஸ் கண்டக்டர்தான் பள்ளிக்கூட வாசலில் இறங்கிச் சொன்னார்: "டீச்சர், முனிரத்தினம் வாத்தியாரு காலையில போயிட்டாருங்க." அழுகைக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. பஸ்ஸுக்குள்ளிருந்து யாரோ, "மூளைய அறுத்த பாவம் சும்மா விடுமா?" என்றார். வாத்தியாரை அறிந்த உங்களுக்காக இதை எழுதுகிறேன். பாவமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை.

நானும் அவரும் ஒரே பள்ளியில் வேலை பார்த்தோம். மொழிவாரியாக மாநிலம் பிரித்த அடுத்த மாதம், கறிக்கடையில் இரண்டு ஆட்டு மூளை வாங்கிவந்து, ஐந்தாம் வகுப்புக்கு ஒன்றை அறுத்துக் காட்டினார். "வறுத்துத் திங்கிறதுதானே சார்?" என்று பிள்ளைகள் சிரித்தார்கள். "தின்னா ருசி. தெரிஞ்சிக்கிட்டா அதவிட ருசி" என்றார். இடப்பக்கத்து மூளைதான் வலக்கையை ஆட்டுகிறது என்று விளக்கினார். நினைவு என்றால் என்ன என்று கேட்டதற்கு, பக்கத்தில் யானை திரியும் சானமாவுக் காட்டைச் சொன்னார்: "ஆனை ஒரு தரம் நடந்தா புல்லு நிமிந்துக்கும். நடந்துகிட்டே இருந்தா தடம் விழும். படிக்கிறதும் அப்படித்தான்." மற்ற மூளையை ஸ்பிரிட் பாட்டிலில் போட்டு அலமாரியில் வைத்தார்.

நான் ஒன்றும் லேசுப்பட்டவள் இல்லை. அதே வகுப்பில், ஏழாம் வாய்ப்பாட்டை மறந்த கெம்பம்மாவின் தலையில் நறுக்கென்று குட்டினேன். வாத்தியார் என்னைத் தனியே கூப்பிட்டார். "குட்டுனா தடம் விழாது டீச்சர். பயந்தான் விழும்." வெட்கமாகிவிட்டது. அன்றோடு விட்டேன்.

தை பிறந்ததும் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலக்கை விழுந்தது, பேச்சும் போயிற்று. மூளைக்குப் போகும் ரத்தம் அடைபட்டதென்று டாக்டர் சொன்னார். ஊரோ சாபம் என்றது. பிள்ளைகளை அவர் வீட்டுப் பக்கமே யாரும் விடவில்லை. கெம்பம்மா மட்டும் அம்மாவை மீறிக்கொண்டு என்னோடு வந்தாள். கட்டிலருகே நின்று அந்த வலக்கையையே பார்த்தாள். பிறகு அவர் தலையின் இடப்பக்கத்தை மெல்லத் தொட்டு, "இங்கதானே சார் அடைச்சிருக்குது?" என்று கேட்டாள்.

பாதி முகத்தால் அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்த யாராவது சாபம் என்று சொல்லட்டும், பார்க்கிறேன்.

பெற்றோர் பயப்படுகிறார்களாம். பாட்டிலைத் தூக்கி எறியச் சொல்கிறார் தலைமை ஆசிரியர். எறிய மாட்டேன். அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அதுதான். ஐந்தாம் வகுப்பு இப்போது என் பொறுப்பு. திங்கட்கிழமை அதை மேசைமேல் வைத்துத்தான் பாடம். இடப்பக்கம் எதுவென்று கெம்பம்மா காட்டுவாள்.