குளியலறையில் வழுக்கி விழுந்தவர்கள்

சிட்னிக்கு மேற்கே ஒரு பழைய கல் ஜெயில். பெயர் வேண்டாம். அங்கே பத்து வருடம் காவலர் சீருடை போட்டவர் வரதராஜா. யாழ்ப்பாணத்தில் தபால் கந்தோர் கிளாக்கராக இருந்தவர். ஆயிரத்துத் தொளாயிரத்து எழுபதில் ஆஸ்திரேலியாவுக்கு வந்தபோது அந்த அனுபவத்தை ஒருவரும் மதிக்கவில்லை. ஜெயிலில்தான் ஆள் தட்டுப்பாடு இருந்தது. கைதிகளை இலக்கம் சொல்லாமல் பெயர் சொல்லிக் கூப்பிட்ட காவலர் அவர் ஒருவர்தான். கெட்டவர்களைப் பற்றி வருத்தப்பட என்ன இருக்கிறது? இப்படிப்பட்ட மனிதர் தவறுவதுதான் வயிற்றெரிச்சல்.

இரண்டாம் வருடம் மேலதிகாரி அவரை நிரந்தரமாக்க மறுத்தார். காரணம் சொல்லவில்லை, அவருடைய நிறத்தைப் பார்த்தவர்களுக்குக் காரணம் புரிந்தது. காவலர் சங்கம் விடவில்லை. செயலாளர் மெக்கே, "ராஜா உள்ளே வராவிட்டால் நாங்களும் வரமாட்டோம்" என்று எல்லோரையும் கூட்டிக்கொண்டு வாசலில் நின்றார். அரை நாளில் கடிதம் கைக்கு வந்தது. மனைவி யோகராணி அன்று சங்கத்துக்கு ஒரு பெட்டி நிறைய றோல்ஸ் பொரித்து அனுப்பினாள்.

எழுபத்துநாலில் இரண்டு காவலர்கள் டொய்ல் என்ற கைதியைக் குளியலறையில் போட்டு அடித்தார்கள். வரதராஜா வாசலில் நின்று பார்த்தார். தடுக்கவில்லை. சம்பவப் புத்தகம் எழுதுவது அன்று அவர் முறை. மெக்கே தோளில் கை போட்டு, "வழுக்கி விழுந்தான் என்று எழுதுங்கள்" என்றார். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று வளர்ந்தவர், எழுதினார். டொய்லின் இடது காது போயிற்று. அவன் கொடுத்த முறைப்பாடும் அந்த ஒரு வரியால் போயிற்று. பொய்ப் புகார் கொடுத்தான் என்று இன்னும் ஆறு மாதம் உள்ளே வைத்தார்கள். சங்கமோ, குளியலறைக்கு றப்பர் விரிப்பு கேட்டுக் கடிதம் போட்டது. வெட்கங்கெட்ட கடிதம். அதையும் எழுதியது வரதராஜாதான்.

எழுபத்தாறில் சங்கத்துக்கு ஐம்பது வயது. பொன்விழா மலரில் போட ஜெயிலின் வரலாறு வேண்டும் என்று அவரைப் பிடித்தார்கள். பழைய சம்பவப் புத்தகங்களை ஒரு மாதம் புரட்டினார். மங்கிப்போன மையில், சாய்ந்த எழுத்தில், ஓரிடத்தில் இருந்தது: குளியலறையில் வழுக்கி விழுந்தான். முப்பது வருடம் தள்ளி வேறு கையெழுத்தில் அதே வரி. போர்க்காலத்தில் ஒன்று. கடைசியாகத் தன் கையெழுத்தில் ஒன்று. செய்நன்றிக்காக ஒரேயொரு முறை சொன்ன சின்னப் பொய் என்றுதான் அதுவரை நினைத்திருந்தார்.

வீட்டுக்கு வந்து அவை எல்லாவற்றையும் வரலாற்றில் இரண்டு பக்கமாகச் சேர்த்து எழுதினார், டொய்லின் பெயரோடு. யோகராணி குசினி மேசையில் இருந்து வாசித்தாள்.

"இதைக் குடுக்கப் போறியளே?"

"ஓம்."

"குடுங்கோ. வேலை போனால் போகட்டும். நான் தையல் பக்டரிக்குப் போறன்."

மறுநாள் காலை ரயிலில் போகும்போது அந்த இரண்டு பக்கங்களையும் உருவி எடுத்துவிட்டார். யாரும் மிரட்டவில்லை, யாரும் கேட்கக்கூட இல்லை. கல் எங்கிருந்து வந்தது, மணி எந்த வருடம் தொங்கியது என்று வரலாறு அழகாக அச்சாகி வந்தது. முழுப் பூசணிக்காய் சோற்றுக்குள் மறைந்தது. யோகராணி மலரை வாசித்துவிட்டு மூடி வைத்தாள். திட்டியிருந்தால்கூட அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மூன்று வருடம் கழித்து, செவன் ஹில்ஸ் ஸ்ரேஷனில் தொழிற்சாலை உடுப்போடு டொய்ல் இருந்தான். அவரைக் கண்டதும் கை கொடுத்துப் பக்கத்தில் இடம் விட்டான்.

"உங்கள் வரலாற்றை வாசிகசாலையில் பார்த்தேன், மிஸ்டர் வரதராஜா. நன்றாக எழுதியிருக்கிறீர்கள். என்னைத் தேடிப் பார்த்தேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் நீங்கள் ஒருவர்தானே, அதனால்."

அவனுடைய இடப்பக்கம் இருந்த வரதராஜா, ஐந்து வருடமாக நெஞ்சில் கிடந்ததை ஒருவழியாக வெளியே எடுத்தார். "நான் பார்த்தேன். எழுதியது பொய். என்னை மன்னித்துவிடு."

டொய்ல் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவருடைய உதடு அசைந்ததைக் கண்டு, நல்ல காதை அவர் பக்கம் திருப்பினான்.

"ஏதாவது சொன்னீர்களா?"

"ரயில் வருகிறது என்றேன்," என்றார் வரதராஜா.