கார்க் கூரைக்குள் கறுப்பையா என்ன வைத்தான்?

கறுப்பையா எங்கள் வளவுக்கு வந்தது கண்டித் தலதா மாளிகையில் குண்டு வெடித்த வருடம். குண்டை லொறியில் வைத்துத்தான் கொண்டுவந்தார்கள் என்று எங்கள் ஊர் மடவளை முழுக்க ஒரே பேச்சு. அதற்குப் பிறகு லொறியை நம்ப ஆளில்லை, வேனை நம்ப ஆளில்லை, தமிழ்ப் பேர் உள்ளவனை நம்பவே ஆளில்லை. நானும் நம்பவில்லை. நான் பேசுவதும் தமிழ்தான். ஆனாலும் முஸ்லிம்களான நாங்கள் வேறு, அவர்கள் வேறு என்று பொலிசுக்குத் தெரிய வேண்டுமே என்ற பயம் எங்களுக்கு. நான் சொல்லச் சொல்ல எழுதுகிற நீ, இதை அழகுபடுத்தாமல் இப்படியே எழுது.

என் மாப்பிள்ளை, அதாவது என் வீட்டுக்காரர் நளீரிடம் ஒரு பழைய வெள்ளைக் கார் இருந்தது. தேயிலைத் தோட்டத்துத் துரை ஒருவர் விற்றுவிட்டுப் போனது. ஒரு பொத்தானை அமுக்கினால் கூரையின் நடுத்தகடு பின்னால் வழுக்கிப் போய் வானம் தெரியும். சன்ரூப் என்பார்கள். கலியாண வீட்டார் அதற்காகவே அந்தக் காரை ஹயருக்குக் கேட்பார்கள். ஒரு நாள் தகடு பாதி திறந்து, கோணலாகி, இறுகிவிட்டது. மழை சீட்டில் விழுந்தது. மேலே படங்குத் துணி கட்டி ஓட்டினால் கட்டுகஸ்தோட்டைப் பாலத்துச் செக்பொயின்டில் போகும்போதும் வரும்போதும் இறக்கிச் சோதித்தார்கள். எந்த மணப்பெண் அதில் ஏறுவாள்?

கராஜ்காரர்கள் கைவைக்கப் பயந்தார்கள். கடைசியில் ஒருவர் காட்டிவிட்ட ஆள்தான் கறுப்பையா. முப்பத்தைந்து வயதிருக்கும். தோட்டத்து லயத்தில் பிறந்தவன். சின்ன வயதில் கொழும்பில் ஒரு கராஜுக்குக் கார் கழுவப் போய்த் தொழில் பிடித்தவன். எண்பத்து மூன்று கலவரத்தில் அந்தக் கராஜை எரித்தபோது மதிலேறிக் குதித்து ஓடிவந்தவன். அப்பனுக்குப் பிரஜாவுரிமைக் கடதாசி வராததால் மகனுக்கு அடையாள அட்டையும் வரவில்லை. அதற்குப் பதிலாகத் தோட்டத்துக் கந்தோரில், ஆபீசில், எழுதிக் கொடுத்த ஒரு கடிதத்தைப் பொலித்தீனில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்திருந்தான். தினமும் செக்பொயின்ட் தாண்டி வந்துபோக முடியாது என்பதால், வேலை முடியும்வரை எங்கள் சாமான் அறையில் படுக்கட்டும் என்றார் என் மாப்பிள்ளை. சொல்லிவிட்டுப் புடவை யாவாரத்துக்குக் குருநாகல் போய்விட்டார். காவல் எனக்கு.

நான் உட்கார ஒரு கதிரையைக் கொண்டுபோய்க் காருக்குப் பக்கத்தில் போட்டேன்.

"வெயில் அடிக்குது உம்மா, உள்ளுக்குப் போங்க."

"எனக்கு வெயில் ஒண்டும் செய்யாது."

"அப்ப இந்த ஆணி டப்பாவப் புடிங்க. சும்மா குந்தியிருக்கிறவங்களுக்கு இங்க சம்பளம் இல்ல."

அந்த வாய் எனக்குப் பிடித்தது. பிடித்ததால் இன்னும் கவனமாகப் பார்த்தேன். உள்கூரைத் துணியைக் கழற்றினான். துணிக்கும் தகரத்துக்கும் நடுவே என் முழங்கை போகும் அளவுக்கு ஒரு பொந்து.

"இதுக்குள்ள என்ன வைப்பாங்க மகன்?"

"ஒண்ணும் வைக்க மாட்டாங்க. தகடு தெறந்தா அது போயி நிக்க எடம் வேணாமா?"

அடுத்த நாள் ஒரு போத்தல் தண்ணீரைக் கூரை மூலையில் ஊற்றிவிட்டு ஓடிப்போய்க் கார்ச் சில்லுக்குப் பக்கத்தில், டயரடியில் குந்தினான். சொட்டுச் சொட்டாகக் கீழே வந்தது. நாலு மூலைக்கும் நாலு குழாய், மழைத்தண்ணி இறங்க என்றான். மேலே இருந்து கீழே வரை கண்ணுக்குத் தெரியாத குழாய்! தண்ணி போகிற வழியில் வேறென்ன போகாது? அன்று நான் சோறு தின்னவில்லை.

பொழுதுபடும் நேரம் வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு றம்ஸியா நின்றாள். அவளுடைய நானா, மூத்த அண்ணன், பொலிசுக்காரர்களோடு பழக்கமானவர் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வாய் சும்மா இருக்கவில்லை.

"கார்க் கூரைக்குள்ள பெரிய பொந்து ஈக்குது புள்ள. மேல ஊத்தினா சில்லுக்குக் கீழ வருது. அந்தக் கறுப்பையாட போக்கு எனக்குச் சரியாப் படல்ல."

"அல்லாஹ்! கெதியா அவன வெளியாக்குங்க ராத்தா," என்றாள்.

மூன்றாம் நாள் குறையைக் கண்டுபிடித்துவிட்டான். தகட்டை இரண்டு பக்கமும் இழுப்பது இரண்டு கம்பி. சுருள் சுற்றிய தடித்த கம்பி. மோட்டரின் பல்லு அந்தச் சுருளைப் பிடித்துத் தள்ளும். வலப்பக்கக் கம்பியில் சுருள் தேய்ந்து, இடப்பக்கம் மட்டும் ஓடியதால்தான் தகடு கோணியது. மோட்டரும் இளைத்துப் போயிற்று என்றான். கடுகண்ணாவையில் பழைய கார் உடைக்கிற இடத்தில் வேறு கம்பியும் மோட்டரும் பார்க்கிறேன் என்று காலையிலேயே பஸ் ஏறினான்.

பின்னேரம் அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடிந்த நேரம் வந்தான். பொலிஸ் ஜீப்பில். கையைப் பின்னால் கட்டியிருந்தார்கள்.

ஒரு சார்ஜன், இரண்டு கொன்ஸ்தாபல்மார். ஒருவன் கையில் சுருள் கம்பியும் சின்ன மோட்டரும். கறுப்பையாவின் உதடு வெடித்திருந்தது.

"இவனை உனக்குத் தெரியுமா?" சார்ஜன் சிங்களத்தில் கேட்டார். "கூரைக்குள் பொந்து இருக்கிறதாம். மேலே ஊற்றினால் சில்லுக்குக் கீழே வருகிறதாம். எங்கே காட்டு."

நான் வேலியில் சொன்ன பேச்சு வரிக்கு வரி திரும்பி வந்திருந்தது. வேலிப் பக்கம் பார்த்தேன், றம்ஸியா இல்லை. கறுப்பையா என்னையே பார்த்துக்கொண்டு நின்றான்.

தெரியாது, வீட்டுக்காரர் வரட்டும் என்று சொல்லியிருந்தால் எனக்கு ஒன்றும் வராது. அவனைக் கொண்டுபோயிருப்பார்கள். அந்த நாளில் அடையாள அட்டை இல்லாமல் கம்பியோடும் மோட்டரோடும் உள்ளே போனவன் எப்போது வருவான் என்று யார் சொல்ல முடியும்?

"தெரியும் ராலஹாமி," என்றேன். "நானும் இவனை நம்பாமல்தான் மூன்று நாளாகக் கண்ணெடுக்காமல் பார்த்தேன். வாங்க, காட்டுகிறேன்."

தேய்ந்த கம்பியை டப்பாவிலிருந்து எடுத்துப் புதியதோடு சேர்த்துப் பிடித்தேன். மோட்டர் இருக்கும் இடத்தைக் காட்டினேன். கேத்தலில் தண்ணீர் கொண்டுவந்து நாலு மூலையிலும் ஊற்றினேன். நாலு சில்லடியிலும் வந்தது.

"அவன் கையை அவிழ்த்துவிடுங்க. பூட்டிக் காட்டட்டும். தகடு ஓடாவிட்டால் ஜீப்பில் ஏத்துங்க."

சார்ஜன் என் கதிரையில் உட்கார்ந்தார். கறுப்பையா புதுக் கம்பியைப் பூட்டினான். இரண்டு கம்பியும் சமமாக நிற்க வேண்டும், ஒரு சுருள் கூடினாலும் கோணும். அவன் இடப்பக்கம் எண்ணினான், நான் வலப்பக்கம் எண்ணினேன். பொத்தானை அமுக்கினான். தகடு ஒரு சாண் ஓடி நின்றது. கொன்ஸ்தாபல் தோளில் கிடந்த துவக்கை அவன் பக்கம் நிமிர்த்தினான்.

"ஒரு நிமிசம், ஒரு நிமிசம் சேர்," என்று கறுப்பையா தகட்டைப் பழைய இடத்துக்கு எடுத்து, ஒரு ஸ்குரூவை இளக்கி, மறுபடி அமுக்கினான். சத்தமில்லாமல் முழுக்கத் திறந்தது.

சார்ஜன் உள்ளே ஏறித் தலையை வெளியே நீட்டிப் பார்த்தார். திறந்தார், மூடினார், திறந்தார். இறங்கும்போது முகம் மாறவில்லை.

"இவனுக்கு அட்டை இல்லை. யார் பொறுப்பில் இருக்கிறான் என்று நாளைக்குக் காலையில் எழுத்தில் வேண்டும். இல்லாவிட்டால் உள்ளேதான்."

ஜீப் போனது. நான் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தேன். அவன் தொடவில்லை.

"பஸ்ஸ மறிச்சு, நீதானே கறுப்பையான்னு பேரச் சொல்லிக் கேட்டாங்க உம்மா. யாரு சொன்னா?"

"பொலிசுக்கு நான் சொல்லல்ல. றம்ஸியாட்டச் சொன்னது நான்தான்."

கோப்பையை என் பக்கம் தள்ளி வைத்தான். பிறகு, "மன்னிப்பெல்லாம் வேணாம். நாளைக்குப் பொலிசுக்கு வந்து, நீங்க பொறுப்புன்னு கைநாட்டு வைங்க," என்றான்.

இரவு வந்த மாப்பிள்ளை குதித்தார். "ஒனக்குப் பைத்தியமா? நாளைக்கு ஏதும் நடந்தா எங்கள எல்லாம் அள்ளிட்டுப் போவானுகள்!"

"வீடு என்ட பேர்ல. என்ட வாப்பா தந்த சீதனம். கைநாட்டு நான் வைப்பேன்," என்றேன். அவர் காரைத் தரமாட்டேன் என்றார். பஸ்ஸில் போனோம்.

பொலிசில் கடதாசியை நிரப்பினார்கள். என்ன எழுதினார்கள் என்று எனக்குத் தெரியாது. இவனுக்கு நான் பொறுப்பு என்றுதான் வாசித்துக் காட்டினார்கள். ஏதும் நடந்தால் முதலில் உன்னைத்தான் பிடிப்போம் என்றார் சார்ஜன். பிடிங்க என்று பெருவிரலை மையில் வைத்து அமுக்கினேன்.

கறுப்பையா குனிந்து பார்த்தான். அவனுக்கு என் மேல் இன்னும் நம்பிக்கை இல்லை.

"ரேகை சரியா விழல்லீங்க. இன்னொருக்கா அமுக்கி வைங்க உம்மா," என்றான்.

வைத்தேன்.