விருந்தாளிக் காசு

போன மாதம் ஒரு சனிக்கிழமை. லண்டனில் ஹரோவில் தமிழ் வகுப்பு முடிந்து பிள்ளைகள் வெளியே ஓடி வருகிற நேரம். காரை நிறுத்த இடம் தேடி ஊர்ந்துகொண்டிருந்தேன். பாலேந்திரன் கண்ணாடியில் தட்டி என்னை நிறுத்தினார்.

ரெய்னர்ஸ் லேனில் குடியிருப்பவர். நல்ல மனிதர். ஒரு பெற்றோல் நிலையத்தில் கேஷியர் வேலை, இரவு ஷிப்ட். யாராவது விசாரித்தால், 'பெற்றோலியம் கொம்பனியில் இருக்கிறன்' என்பார். பொய் என்று சொல்லிவிட முடியுமா?

கையில் ஒரு கடிதம். அமெரிக்காவில் பெயர்பெற்ற ஒரு கல்லூரியில் மகள் துளசிக்கு இடம் கிடைத்திருக்கிறது. வாழ்த்த வாய் திறந்தேன். மனிதரின் முகத்தில் செத்தவீட்டுக் களை.

"அண்ணை, இடம் தந்திட்டாங்கள். காசு தரேல்லை. ஒரு டொலர் கூட இல்லை."

நான் கவுன்சிலின் கல்வி அலுவலகத்தில், மாணவர்களுக்குக் கிராண்ட், அதாவது படிப்புக்கான அரசாங்கப் பணம், கொடுக்கிற பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பது இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். ஓய்வு எனக்குத்தான், கடிதம் கொண்டு வருகிறவர்களுக்கு இல்லை. கலியாண வீட்டில் டொக்டரைக் கண்டதும் நாக்கை நீட்டுவார்களே... அந்த மாதிரி.

துளசியின் கதை இதுதான். தாயோடு லண்டனுக்கு வந்து இன்னும் மூன்று வருடம் ஆகவில்லை. ஆகாவிட்டால் இந்த நாட்டு யூனிவர்சிட்டிகளுக்கு அவள் 'வெளிநாட்டு மாணவி'. கிராண்ட் கிடையாது. கட்டணமோ தகப்பன் கனவில்கூட கட்ட முடியாதது. செப்டம்பரில் வகுப்பு தொடங்கும்போது மூன்று வருடத்துக்குச் சில மாதங்கள்தான் குறையும். சில மாதம்தானே என்று விதி இரக்கப்படுமா? படாது. எனக்குத் தெரியும். கண்ணீர் விட்ட பல தகப்பன்மாருக்கு அந்த விதியை விளக்கிச் சொன்ன வாய் இது.

காத்திருந்தால் கிராண்ட் வரும்தான். ஆனால் ஊரில் யுத்தத்தின் ஷெல்லடிக்குள் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்து ஏற்கனவே இரண்டு வருடத்தைத் தொலைத்தவள் அவள். இங்கே வகுப்பில் எல்லோருக்கும் அக்கா. இன்னொரு வருடத்தைக் கொடுக்க அவளிடம் மனம் இல்லை. பௌதிகம் படிப்பிக்கிற ஆசிரியை ஒருவர்தான் சொல்லியிருக்கிறார்: அமெரிக்காவில் பணக்காரக் கல்லூரிகள் சில, கெட்டிக்காரப் பிள்ளையிடம் பணம் இல்லாவிட்டால் முழுச் செலவையும் தாங்களே பார்த்துக்கொள்ளும். பிள்ளை பரீட்சை எழுதினாள், கட்டுரை எழுதினாள், இடமும் எடுத்தாள்.

பிறகு ஏன் ஒரு டொலரும் வரவில்லை?

கல்லூரிக்கு அனுப்பியவற்றின் பிரதிகளை வீட்டிலிருந்து எடுத்துவரச் சொன்னேன். காருக்குள் வைத்துப் புரட்டினேன். பாங்க் ஸ்டேட்மென்டில் ஒரு தொகை நின்றது பாருங்கள்... ஹரோவில் சொந்த வீடு வைத்திருக்கிற கணக்காளர்களே எழுந்து நின்று மரியாதை செய்வார்கள்.

"பாலா, இது ஆருடைய காசு?"

அவர் வீதியை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "காட்டினது, அண்ணை."

நம்மவர்களுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் புதிதாக வந்தவர்களுக்காக: விசாவுக்கு, ஸ்பொன்சருக்கு, வீட்டுக் கடனுக்கு என்று எந்த அதிகாரி கணக்கைக் கேட்டாலும் நாம் முதலில் செய்வது, மச்சானிடமும் கடைக்காரரிடமும் சீட்டுப் பிடிக்கிறவரிடமும் கைமாற்று வாங்கி பாங்கில் போடுவது. ஸ்டேட்மென்ட் அச்சாகி வந்ததும் காசு வந்த வழியே திரும்பிப் போய்விடும். விருந்தாளிக் காசு. வந்து இருந்து, முகத்தைக் காட்டிவிட்டுப் போகிற காசு. வட்டியில்லை, எழுத்தில்லை, நம்பிக்கை மட்டும்தான். நம் சமூகத்தில் இன்னும் பழுதாகாமல் இருக்கிற ஒரே வங்கி அது!

பாலேந்திரன் மகளுக்காக அதைத்தான் செய்திருக்கிறார். உதவி கேட்கிற இடத்தில், தான் எவ்வளவு வசதியானவர் என்று நிரூபித்திருக்கிறார். கல்லூரியும் நம்பிவிட்டது. மரியாதைக்குரிய குடும்பம், உதவி தேவையில்லை!

"உதவி கேக்கிற இடத்திலை ஏன் காசைக் காட்டினீர்?"

"இல்லை எண்டு சொன்னவனுக்கு எந்த ஒபீஸ் அண்ணை குடுத்திருக்கு?"

இந்த மனிதர் ஊரில், சமத்துவம் என்று சொல்லி மாவட்டத்துக்கு ஒரு வெட்டுப்புள்ளி வைத்த தரப்படுத்தல் காலத்தில், எஞ்சினியரிங் இடத்தை இழந்தவர். சமத்துவம் என்று யாராவது சொன்னால் சட்டைப்பையைப் பொத்திக்கொள்கிற தலைமுறை எங்களுடையது.

மறுநாள் அவர்கள் வீட்டுக்குப் போனேன். யோசனை சொல்ல எனக்கு முன்பே ஆட்கள் வந்து போயிருந்தார்கள். தகப்பனுக்கு வேலை போய்விட்டது என்று எழுதலாமாம். வியாபாரம் நட்டப்பட்டது என்று எழுதலாமாம். எந்த வியாபாரம்? அதையும் ஒரு பொய்யாகத் தொடங்கி, இன்னொரு பொய்யாக மூட வேண்டும். வேண்டாம் என்றேன். ஒரு கோப்பில் இரண்டு பொய் இருந்தால் அவை ஒன்றையொன்று காட்டிக்கொடுக்கும். அலுவலகத்தில் நான் பிடித்ததெல்லாம் அப்படித்தான்.

உள்ளதைச் சொல்வதுதான் வழி. ஆனால் அதில் ஒரு குழி இருந்தது. அதை மறைக்காமல் சொன்னேன்.

அங்குள்ள சில கல்லூரிகள் பெருமையாகச் சொல்லும்: இடம் கொடுக்கும்போது தகப்பனின் பணப்பையைப் பார்க்காமல் கண்ணைக் கட்டிக்கொள்வோம் என்று. உண்மைதான் -- அமெரிக்கப் பிள்ளைகளுக்கு. வெளிநாட்டுப் பிள்ளை என்றால் பெரும்பாலும் கண்கட்டை அவிழ்த்துவிட்டுத்தான் பார்ப்பார்கள். துளசி கெட்டிக்காரி என்பதற்காக எடுத்தார்களா, காசு கட்டக்கூடியவள் என்பதும் சேர்ந்துதான் எடுத்தார்களா? நமக்குத் தெரியாது. உண்மையைச் சொன்னால் உதவியும் வரலாம், இடமும் போகலாம்.

சமத்துவத்தைப் பற்றி அங்கே நிறையவே பேசுகிறார்கள். நான் வாசித்த அளவில், பழைய மாணவரின் பிள்ளைக்குத் தனிக் கதவு. கட்டடம் கட்டிக் கொடுத்தவரின் பிள்ளைக்குக் கட்டடமே கதவு. மற்றவர்களுக்கு? குடும்ப வருமானத்தைத் துருவுகிற கேள்விக்கொத்து. பக்கம் பக்கமாக. வசதியுள்ளவன் கணக்காளரை வைத்து அதை நிரப்பி ஏழையாகிறான். வசதியில்லாதவன் கைமாற்று வாங்கிப் பணக்காரனாகிறான். உதவித் திட்டம் வகுக்கிற பெரியவர்களுக்கு இந்த இரண்டாவது ஆளைத் தெரியாது. கையில் இல்லாதவன் இல்லையென்று சொல்ல எவ்வளவு கூசுவான் என்பதும் தெரியாது.

பாலேந்திரன் தலையைக் குனிந்தபடி இருந்தார். இடமாவது இருக்கட்டும், காசை எப்படியாவது புரட்டலாம் என்றார். எப்படி என்று மனைவி கேட்டார். அப்போதுதான் துளசி பேசினாள்.

"அப்பா, அந்தக் காசுக்குத் தந்த இடமெண்டா அது எனக்குத் தந்த இடமில்லை. போன் பண்ணுங்கோ."

"இடம் போயிட்டால்?"

"போகட்டும். எனக்கெண்டு தந்ததோ எண்டு தெரிய வேணும்."

தகப்பன் எழுந்து முகம் கழுவப் போனார்.

அடுத்த நாள் பிற்பகல் என் வீட்டிலிருந்து பேசினோம். அங்கே அப்போதுதான் அலுவலகம் திறக்கிற நேரம். உதவிப் பணப் பிரிவில் ஒரு அம்மா. நான் பேசட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று பாலேந்திரன் தலையாட்டினார். நான் எழுதிக் கொடுத்த வசனங்களையும் மடித்துப் பையில் வைத்துவிட்டார்.

ஆங்கிலத்தில்தான் பேசினார். மெதுவாக, ஷிப்டில் வாடிக்கையாளரிடம் பேசுகிற அதே மரியாதையோடு. மேடம், அந்தக் காசு என்னுடையது இல்லை. நண்பர்களுடையது. எங்கள் ஆட்கள் அதிகாரிகளுக்கு அப்படித்தான் காட்டுவோம். நான் பெற்றோல் நிலையத்தில் இரவுக் கேஷியர். என் மகளுக்கு இதில் பங்கில்லை.

'இரவுக் கேஷியர்' என்று அவர் வாயால் நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அந்த அம்மா, சம்பளச் சிட்டைகளையும் நிலைய முகாமையாளரின் கடிதத்தையும் ஃபாக்ஸில் அனுப்பச் சொன்னாராம். இடத்தைப் பற்றி இப்போது எதுவும் உறுதி சொல்ல ஏலாது, குழு பார்க்கும் என்றாராம். அவ்வளவுதான்.

நான் விடவில்லை. அன்றே எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தத் தொடங்கினேன். நண்பர்கள் ஒவ்வொருவரிடமும் போய், இன்ன தொகை என்னுடையது, திரும்பப் பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்து வாங்கினோம். ஒருவர் அரசாங்கத்தின் பெனிபிட் பணம் எடுப்பவர், கையில் காசு இருந்தது தெரிந்தால் அதை நிறுத்திவிடுவார்கள் என்று பயந்தார். துளசிக்காக என்றதும் போட்டுத் தந்தார். விருந்தாளிக் காசுக்கு எழுத்தில் சாட்சி சேர்த்த முதல் ஆட்கள் லண்டனில் நாங்களாகத்தான் இருப்போம். ஹரோ வீதியில் ஒரு கடையின் ஃபாக்ஸ் மெஷினை அரைமணி நேரம் பிடித்து வைத்திருந்தோம். பின்னால் நின்றவர் முறைத்தார். முறைக்கட்டும்.

பிறகு காத்திருப்பு. அந்த வாரங்களில் பாலேந்திரனின் போன் வந்தால் என் மனைவி முதலில் அவர் குரலைக் கேட்டுப் பார்த்து, பிறகுதான் என்னிடம் தருவாள்.

போன வியாழக்கிழமை பதில் வந்தது. இடம் இருக்கிறது. உதவியும் இருக்கிறது, ஏறக்குறைய முழுவதும். மிச்சத்துக்குப் பிள்ளை கல்லூரிச் சாப்பாட்டு மண்டபத்தில் வாரத்தில் சில மணி நேரம் வேலை செய்ய வேண்டும்.

தகப்பனுக்கு அது மட்டும் பிடிக்கவில்லை. "அங்கையும் ஷிப்டோ, பிள்ளை?"

"ஓம் அப்பா. ஆனா பகலிலை."

மனிதர் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்ப்பதற்காக எத்தனை ஃபாக்ஸும் அனுப்பலாம்.

ஆனால் எனக்கு ஒரு உறுத்தல் இருக்கிறது. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கென்று அந்தக் கல்லூரி ஒதுக்குகிற பணம் அளவானது. துளசிக்கு வந்தது, வேறெந்த ஊரிலோ, போன் பண்ணத் தெரியாத ஒரு தகப்பனின் பிள்ளைக்குப் போகாமல் வந்ததா? கெஞ்சத் தெரிந்தவனுக்குக் கிடைப்பதற்குப் பெயர் சமத்துவமா? என்னால் ஆனது ஒன்றைச் செய்யப்போகிறேன். இனிச் சனிக்கிழமைகளில், தமிழ் வகுப்பு நடக்கும் நேரத்தில், மண்டபத்தின் பின் அறையில் இருப்பேன். உள்ளதை உள்ளபடி எழுதச் சொல்லித் தருவேன். காசு வேண்டாம். வெட்கத்தை வெளியே விட்டுவிட்டு வாருங்கள்.

செய்தி அதற்குள் பரவிவிட்டது. நேற்று குட்மேய்ஸிலிருந்து ஒரு தகப்பன் போன் எடுத்தார். இரண்டு கடை, மூன்று வீடு. மகன் அமெரிக்காவுக்கு உதவிப் பணம் கேட்டு எழுதப்போகிறானாம்.

தன் காசை ஒரு மாதத்துக்குப் பாலேந்திரனின் கணக்கில் போட்டு வைக்கலாமா என்று கேட்கிறார்!