ஆணிச் சட்டமும் என் இடது கையும்

கை விழுந்தபோது எனக்கு முப்பத்தொன்பது வயது. அதுவரை லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி ஆந்திராவுக்குள் இருக்கும் எங்கள் ஊரில், எங்கள் குடும்பத்துக்குச் சொந்தமாக ஒரு சென்ட் நிலம்கூட இருந்ததில்லை. என் அப்பா, நைனா, கூலிக்குப் போன வயல்களெல்லாம் கம்பெனி மதில்களுக்குள் போய்விட்டன. அந்தக் கம்பெனிகளிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்குச் சரக்கு ஏற்றிப் போகும் வேலை எனக்குக் கிடைத்தது. வயலை நினைத்து நான் ஏங்கியதே இல்லை. எனக்கு ஸ்டீரிங் பிடித்திருந்தது.

ஒரு காலை, வரதய்யபாளையத்தில் வண்டியை ஓரங்கட்டி டீ குடித்துக்கொண்டிருந்தேன். இடது கையிலிருந்த கிளாஸ் நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப் பார்த்தேன், கை வரவில்லை. கடைக்காரரிடம் ஏதோ சொல்லப்போனேன்; வாய் கோணிக்கொண்டது. அவர்தான் ஆம்புலன்சுக்குப் போன் செய்து என்னைத் திருப்பதிக்கு அனுப்பி வைத்தார். பக்கவாதம் என்றார்கள். சில வாரங்களில் பேச்சு திரும்பியது, காலும் திரும்பியது. இடது கை மட்டும் இறுக்கிய முஷ்டியாக மடியில் கிடந்தது.

நான் கட்டிலில் கிடந்தபோதே என் மனைவி கம்பெனி வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். செல்போன் பாகங்களைப் பெட்டியில் அடுக்கும் வேலை. என்னைக் கேட்கவில்லை. "சேந்துட்டேன்யா. நீ கைய பாத்துக்கோ, மீதிய நா பாத்துக்கறேன்" என்று மட்டும் சொன்னாள். அவள் காலையில் கம்பெனி பஸ் ஏறிப் போவாள். நான் வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

வாரம் ஒருமுறை திருப்பதிக்குப் போய்க் கைக்குப் பயிற்சி எடுக்க வேண்டும். பயிற்சி கொடுத்தவர் என்னைவிடச் சின்னவர், தெலுங்குக்காரப் பெண். முதலில் ரப்பர் பந்தைப் பிசையச் சொன்னார். பத்து நாளில் எனக்கு அந்தப் பந்தைக் கண்டாலே எரிச்சலாக வந்தது. அடுத்த வாரம் அவர் உள்ளங்கை அளவுக்கு ஒரு மரச்சட்டத்தைக் கொண்டுவந்து வைத்தார். சதுரமான சட்டம், நான்கு ஓரத்திலும் சீப்புப் பல் மாதிரி சின்னச் சின்ன ஆணிகள். கூடவே ஒரு நீள ஊசியும் பச்சைக் கம்பளி நூல் உருண்டையும்.

"இது பொம்பளைங்க வேலம்மா."

"ஸ்டீரிங் பிடிச்ச கைதானே அண்ணா? இதையும் பிடிக்கும். வலது கை சட்டத்த மட்டும் பிடிக்கணும். நூல தொடக்கூடாது. நூலு, ஊசி ரெண்டும் இடது கைக்கு. கீழ விழுந்தா பர்லேது, பரவால்ல, மறுபடி எடுங்க."

வேலை என்னவோ எளிதுதான். நூலை எதிரெதிர் ஆணிகளில் மாட்டி மாட்டி ஓட்ட வேண்டும். முதல் அடுக்கு நெடுக்கே, இரண்டாவது குறுக்கே, மூன்றாவது மறுபடியும் நெடுக்கே. பிறகு ஊசியில் நூலைக் கோத்து, ஓர் இழைக்கு மேலே, அடுத்த இழைக்குக் கீழே என்று புகுத்திப் போனால் நாலாவது அடுக்கு விழும். ஆணியிலிருந்து கழற்றினால் கையில் ஒரு கம்பளிச் சதுரம் நிற்கும். ஆனால் என் கட்டைவிரலும் சுட்டுவிரலும் ஒன்றையொன்று தொடவே மறுத்தன. நூலைப் பிடிப்பதற்குள் தோள்பட்டை வரை வலித்தது. இரண்டு நாளில் ஐந்து ஆணிகூடத் தாண்டவில்லை.

மூன்றாம் நாள் திருட்டுத்தனம் செய்தேன். வலது கையால் ஒரு சதுரத்தை முடித்து, அடுத்த வாரம் எடுத்துப்போய்க் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ரொம்ப நல்லா இருக்குது அண்ணா. வலது கைதானே?"

இழைகள் எல்லாம் ஒரே இழுப்பில் இருந்தன; அதுவே காட்டிக்கொடுத்துவிட்டது. அவர் திட்டவில்லை. சதுரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். ஊர் திரும்பும் பஸ்ஸில் எனக்கு முகம் எரிந்தது. வீட்டுக்கு வந்ததும் அதை ஒவ்வொரு இழையாகப் பிரித்துப்போட்டேன்.

மறுநாளிலிருந்து மனைவி பஸ் ஏறும் நேரம்தான் எனக்கும் வேலை தொடங்கும் நேரம். அவள் ஷிப்ட் முடியும்வரை நானும் சட்டத்தைக் கீழே வைப்பதில்லை என்று முடிவு செய்தேன். இடது கையால் போட்ட முதல் சதுரம் பதினோரு நாள் எடுத்தது. ஒரு ஓரம் வீங்கி, ஒரு ஓரம் சுருங்கி, சதுரம் என்று சொல்ல முடியாதபடி இருந்தது. மனைவி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"தோசை மாதிரி கீது. ஆனா உன் கை போட்டது."

கம்பெனிக்குள் ஏசி குளிரில் அவளுக்குத் தோள் விறைத்துப்போகும். அவளுக்கு ஒரு சால்வை செய்துவிடலாம் என்று தோன்றியது. தரையில் வைத்து அளந்து பார்த்தேன். தொண்ணூற்றாறு சதுரங்கள் வேண்டும். இரண்டு நாளைக்கு ஒன்றாக வந்தது, மழைக்காலம் முடிவதற்குள் ஒரு நாளைக்கு ஒன்றாயிற்று. தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். கதவைச் சாத்தாமலே வேலை செய்தேன்.

ஐம்பதைத் தாண்டியிருந்தபோது, சித்தூரில் ஊனச் சான்றிதழ் கொடுக்கும் முகாம் வந்தது. சான்றிதழில் போதுமான சதவீதம் இருந்தால் மாதாமாதம் பென்ஷன் உண்டு. பெங்களூரில் கட்டட வேலை பார்க்கும் என் மனைவியின் தம்பி இதற்காகவே லீவு போட்டு வந்தான்.

"மாமா, டாக்டரு கைய தொறன்னுவாரு. தொறக்காத. இறுக்கி மூடிக்கினே இரு. வேற ஒண்ணும் வாணாம்."

என் மனைவியும் கூட வர லீவு போட்டு, ஆஸ்பத்திரிக் காகிதங்களைப் பையில் அடுக்கினாள். நான் தலையாட்டினேன். மூடி வைத்துக்கொள்ளத்தான் போனேன். வரிசையில் நிற்கும்போதுகூட முஷ்டியை இறுக்கிப் பழகிக்கொண்டிருந்தேன்.

டாக்டர் வயதானவர். காகிதங்களைப் பார்த்தார். "செய்யி தெரவண்டி" என்று கையைத் திறக்கச் சொன்னார்.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விரல்கள் விரிந்தன. சுண்டுவிரல் மட்டும் கொஞ்சம் மடங்கியிருந்தது. அவர் தன் பேனாவை நீட்டினார். வாங்கிக்கொண்டேன். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே அது ஆடாமல் நின்றது. இத்தனை மாதம் திறக்கப் பாடுபட்ட கையை ஒருவர் திறக்கச் சொல்லும்போது என்னால் மூடி வைக்க முடியவில்லை. அவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரிகிறது. பென்ஷன் சதவீதம் வரவில்லை.

மைத்துனன் சித்தூரிலிருந்தே கோபமாகப் பெங்களூர் பஸ் ஏறிவிட்டான். என் மனைவி புத்தூர் வரும்வரை ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள்.

"கோவமா?" என்றேன்.

"பின்ன? எத்தினி மாசம் கும்பிட்டிருப்பேன், அந்தக் கை தொறக்கணும்னு. அங்க போயா தொறப்ப?" சொல்லிக்கொண்டே வந்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு நிற்பதற்குள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இனிமே நா மட்டுந்தான் பஸ் ஏறணும்."

"நானும் ஏறுவேன்."

அதை எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று தெரியவில்லை. ஆனால் சொல்லிவிட்டேன்.

தைமாதம் சால்வை முடிந்தது. சதுரங்களை ஒட்டித் தைத்ததும் இடது கைதான். நூல் பிசிறு பாகங்களில் ஒட்டும் என்று கம்பெனிக்குள் சால்வையை விடவில்லை. பஸ்ஸில் போர்த்திக்கொண்டு போய், கேட்டில் மடித்து வைத்துவிட்டு உள்ளே போனாள். கனரக வண்டி ஓட்டும் அளவுக்கு என் கை திரும்பவில்லை. இனியும் திரும்பாது என்று திருப்பதியில் சொல்லிவிட்டார்கள். பழைய டிரைவர்கள் இருவரிடம் சொல்லிவைத்து, கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கிக் கேட்டு, கடைசியில் ஒரு கிடங்கின் யார்டில் வேலை வாங்கினேன். லாரிகள் பின்னோக்கி வந்து சரக்கு மேடையில் சேரும்போது பின்னால் நின்று கைகாட்டும் வேலை.

முதல் நாள் முதல் வண்டி, பீகார் டிரைவர். வலது கையால் வா வா என்று கூப்பிட்டேன். மேடைக்கு மூன்றடி இருக்கும்போது நிறுத்தச் சொல்லி இடது கையை நீட்டினேன். வண்டி நிற்கவில்லை. கண்ணாடியில் என் கை அவருக்குத் தெரியவில்லை போல. ஓர் அடி பக்கவாட்டில் நகர்ந்து, கையைத் தலைக்கு மேலே தூக்கி விரித்தேன். பிரேக் சத்தம் கேட்டது.