இருட்டு முக்கியம்

தொண்ணூறுகளின் கடைசியில் நான் விஸ்காம் படித்துக்கொண்டிருந்தேன். அதாவது, சென்னையிலேயே எல்லாம் தெரிந்த இருபது பேரில் நானும் ஒருவன். இறுதியாண்டில் ஓர் ஆவணப்படம் எடுக்க வேண்டும். மற்றவர்கள் கோயில் குளத்துக்கும் மீன் சந்தைக்கும் போனார்கள். நானும் நண்பனும் எலக்ட்ரானிக் இசை டிஜேக்களை எடுப்பதென்று முடிவு செய்தோம். டிஜேக்கள் என்று பன்மையில் எழுதிக் கொடுத்தோமே தவிர, எங்களுக்குத் தெரிந்தவன் ஒரே ஒருவன்தான்.

தி. நகரில் அவன் அப்பாவுக்கு எவர்சில்வர் பாத்திரக் கடை. வாரத்தில் ஆறு நாள் அவன் அங்கே குக்கர் எடுத்துக் காட்டுவான். ஞாயிறு மதியம் மட்டும் ஒரு ஹோட்டல் டிஸ்கோவில் டெக்னோ போடுவான். ரெக்கார்டெல்லாம் கப்பலில் வேலை பார்த்த மாமா கொண்டுவந்தவை. ஒரு பாட்டு முடிவதற்குள் அடுத்ததை உள்ளே நுழைப்பான், தாளம் துளி பிசகாது. ஆடுகிறவர்களுக்குப் பாட்டு மாறியதே தெரியாது. துபாயில் ஒரு ஹோட்டல் அவனை எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. ஆனால் கூட்டம் ஆடுகிற வீடியோவைப் பார்த்த பிறகுதான் வேலையாம். தீபாவளிக்குள் அது நடக்காவிட்டால் ஞாயிறும் கடைதான் என்று அப்பா கெடு வைத்திருந்தார்.

"நல்லா எடு மச்சி. இத்த வச்சித்தான் நான் போவணும்" என்றான். நான் தோளைத் தட்டிக்கொடுத்தேன், பெரிய இயக்குநர் பாருங்கள்.

அடையாறில் ஒரு டீக்கடை வாசலில் இரண்டு மாதம் திட்டம் போட்டோம். நாற்பத்திரண்டு கேள்விகள் தயார். அதில் 'ஒலியின் அரசியல் குறித்து உங்கள் நிலைப்பாடு என்ன?' என்பதும் ஒன்று. அதற்கு எனக்கே இன்றுவரை பதில் தெரியாது. ஒவ்வொரு ஷாட்டுக்கும் படம் வரைந்தோம். நோட்டின் முதல் பக்கத்தில் 'இருட்டு முக்கியம்' என்று சிவப்பு மையில் எழுதி இரண்டு கோடு போட்டவன் நான்.

கல்லூரியின் ஒரே கேமரா அந்த மாதம் பார்த்துப் பழுதானது. நண்பன் மயிலாப்பூர் கல்யாண வீடியோக்காரர் ஒருவரைப் பிடித்தான். நாலரைக்கு ராகுகாலம், அதற்கு முன்பே கேமராவை ஆன் செய்ய வேண்டும் என்பது மட்டும்தான் அவர் நிபந்தனை. அவரிடம் நோட்டைக் காட்டலாமா என்று நண்பன் கேட்டான். தாலி கட்டுவதை எடுக்கிறவருக்கு இதெல்லாம் எதற்கு என்றேன். என்ன திமிர் எனக்கு!

ஞாயிறு நாலு மணிக்கு டிஸ்கோ நிரம்பி வழிந்தது. வீடியோக்காரர் முதலில் ஹோட்டல் வரவேற்பறையில் இருந்த பிள்ளையாரை எடுத்தார். பிறகு உள்ளே வந்து, கையோடு கொண்டுவந்திருந்த கல்யாண லைட்டைப் போட்டார். கும்மிருட்டு பட்டப்பகலானது. பந்தியில் எடுப்பதுபோல் ஒவ்வொரு முகமாக நிதானமாக நகர்ந்தார். ஸ்பெஷல் கிளாஸ், லைப்ரரி என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்த முகங்கள். நான் கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடினேன். அதற்குள் அவர் ஒரு பெண்ணின் முன் நின்று, மலர்ந்த முகத்தோடு கேட்டுவிட்டார்.

"நீ வக்கீல் சார் பொண்ணுதானேம்மா? உங்க வீட்டுப் பூணூல் நான்தான் எடுத்தேன்."

அவ்வளவுதான். ஐந்து நிமிடத்தில் ஆடுதளத்தில் ஈ காக்கை இல்லை. எங்கள் டிஜே மட்டும் மேடையில் நின்று, கூட்டம் திரும்பி வரும் என்று ஒரு மணி நேரம் பாட்டு மாற்றிக்கொண்டே இருந்தான். ஒரு தடவைகூடத் தாளம் பிசகவில்லை. மறுநாள் மேனேஜர் இனிமேல் கேமரா கூடாது என்று சொல்லிவிட்டார்.

அந்த வெற்றுத் தளம் நவீன மனிதனின் தனிமைக்கு அற்புதமான குறியீடு என்று பேராசிரியர் உருகினார். முதல் மதிப்பெண் எங்களுக்கு. ஆமாம் சார், அதைத்தான் நினைத்தோம் என்றேன். வெட்கமாக இருந்தது, ஆனாலும் சொன்னேன். அவனுக்கு ஒரு கேசட்டை நண்பன் மூலம் கொடுத்தனுப்பினேன். நேரில் போகத் துணிச்சல் இல்லை.

அடுத்த வருடம் தங்கை கல்யாணத்துக்குப் பாத்திரம் வாங்க அம்மா அவன் அப்பாவின் கடைக்கே இழுத்துக்கொண்டு போனாள். அன்று ஞாயிற்றுக்கிழமை. அவன்தான் உட்கார்ந்து குடத்தில் பெயர் வெட்டிக்கொண்டிருந்தான். தங்கை பெயரைக் கேட்டு, எழுத்து கோணாமல் வெட்டி முடித்துத் துடைத்துக் கொடுத்தான்.

"வீடியோக்கு ஆள் சொல்லிட்டியா மச்சி?"

சொல்லிவிட்டோம் என்றேன்.

"லைட்டு எங்க வேணும், எங்க வாணாம்னு அவராண்ட முன்னாடியே சொல்லிடு" என்றான்.