ஆற்றை ஏசிய பாறைத் திட்டு

நாற்பத்தைந்து வயதில் ஓவியம் கற்கப் புறப்பட்டு, ஒரு பூசணிக்காயைக்கூடப் பூசணிக்காய் மாதிரி வரைய முடியாதவன் நான். என்னிடம் போய், கீரை விற்கும் மாடத்தி, சேரன்மகாதேவி ஆற்றுக்குள் தான் வாழ்ந்த திட்டை வரைந்து தரச் சொன்னாள். இன்று மொட்டைப் பாறையாகக் கிடக்கும் அந்த இடத்தில் ஊர் இருந்ததென்றால் பேரப்பிள்ளைகள் நம்பவில்லையாம்.

வர்ண எண்ணெயைத் திறந்ததுமே, அந்தத் திட்டில் ஓடங்களுக்குப் பூசிய புன்னை எண்ணெயின் வாடை வந்துவிட்டது. கூடவே, நான் குடுமி வைத்த சிறுவனாயிருந்த காலத்து ஐப்பசி ஆறும் வந்தது: மலையில் பிடுங்கிய மரங்களைப் பாறையில் மோதி உடைத்து, செத்த ஆடுகளைப் புரட்டி, திட்டின் மண்ணைக் கவளம் கவளமாகத் தின்ற ஆறு. மிதந்து வரும் கட்டைகளை ஆண்கள் கொக்கி போட்டு இழுப்பார்கள், கட்டை யாருக்கென்று அதே கொக்கியால் ஒருவர் மண்டையை ஒருவர் உடைப்பார்கள். பெண்களோ கொண்டையை முடிந்துகொண்டு பாறை நுனியில் நின்று, எல்லைக்கல்லை நகர்த்திய பக்கத்து வீட்டுக்காரியை ஏசுவதுபோல ஆற்றை ஏசுவார்கள். "ஏட்டி, எங்க மண்ணைத் தின்னுட்டு எங்கன ஓடுத?" என்ற மாடத்தியின் குரல், வெள்ளத்தின் இரைச்சலைக் கிழித்துக்கொண்டு, கரையில் எங்கள் வீட்டு மாடிவரை கேட்கும். கடைசியில் ஒரு வெள்ளம் மண்ணையும் குடிசைகளையும் சேர்த்தே வழித்துக்கொண்டு போனது.

எங்கள் மாடியிலிருந்து பார்த்தபடியே அந்தச் சீற்றத்தையெல்லாம் தீட்டி முடித்துக் காட்டினேன். மாடத்தி கூடையை இறக்கிவைத்து வெகுநேரம் பார்த்தாள்.

"தண்ணியெல்லாம் சரிதான், ஐயா. ஆனா எங்க வாசல்ல நின்னா முதல்ல உங்க வீட்டு எருக்குழில்லா தெரியும். அதைக் காணலையே."